பல்லுக்குப் போடும் ஊசியும் இருதய மாத்திரையும்

சென்ற ஆண்டு நமது அறக்கட்டளை நடத்திய பல் பரிசோதனை முகாமில், வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னோம். அதில் ஆறாவது கேள்வி, "இருதய நோய் உண்டா? ஆம் / இல்லை" என்பது. நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு சகோதரி "இல்லை" என்பதில் டிக் அடித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இருதய நோய் கிடையாது.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று முழுவதும் சொத்தையாகி இருந்ததால், பிடுங்குவதற்காக அவரை ஒரு பல் மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். ஊசி போட்டுச் சில நிமிடங்களில் "மண்டை பிளக்குற மாதிரி இருக்கு" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். அளந்து பார்த்தால் பிரஷர் 190க்கு 110. நாடித் துடிப்போ ஏறவில்லை, 52க்கு இறங்கியிருந்தது. மருத்துவர் வேலையை நிறுத்திவிட்டு, அவரைச் சாய்ந்த நிலையில் படுக்க வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்துகொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது, அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு மருத்துவர் கேட்டார்:

"தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"தலைவலிக்கு மட்டும்தான் டாக்டர். நாலு வருஷமா காலையிலயும் ராத்திரியும் ஒரு சின்ன மாத்திரை."

அந்தச் சின்ன மாத்திரையின் பெயர் புரோப்ரனலால். ஒற்றைத் தலைவலிக்குத் தருவார்கள். கை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் தைராய்டு மிகுதிக்கும், கல்லீரல் சுருங்கியவர்களுக்கும்கூடத் தருவார்கள். ஆனால் அது பிறந்தது இருதயத்துக்காக. ஜேம்ஸ் பிளாக் என்ற அறிஞர் 1960களில் நெஞ்சுவலிக்காரர்களுக்கென்று கண்டுபிடித்த மருந்து அது. அதையும் உள்ளிட்ட பணிக்காக 1988ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, அந்தச் சகோதரிக்கு இருதய நோய் இல்லை. ஆனால் அவர் சாப்பிட்டது இருதய மாத்திரை. நம் படிவம் நோயைக் கேட்டதே தவிர மாத்திரையைக் கேட்கவில்லை. அந்தப் படிவத்தை அச்சடித்தவர்கள் நாம்தான். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே வந்தது.

நாம் மருத்துவர்கள் அல்லர். முகாமுக்கு வரும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் நம் மக்களுக்குப் புரியும் வகையில் எழுதுகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஒரு மாத்திரையைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. கேட்க வேண்டியதைக் கேட்கவும் சொல்ல வேண்டியதைச் சொல்லவும்தான் இது.

பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசியில் ஒரு மருந்து இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று, லிக்னோகெய்ன். 1943ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்பவர் உருவாக்கியது. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பைச் சிறிது நேரம் ஊமையாக்குவது இதன் வேலை. இன்னொன்று, அட்ரினலின். பயந்தாலும் கோபப்பட்டாலும் நம் உடம்பே சுரக்கும் அதே பொருள்தான்.

மரக்கடிக்கும் மருந்தோடு அட்ரினலினை ஏன் கலக்க வேண்டும்? லிக்னோகெய்னுக்கு இரத்தக் குழாய்களை விரிக்கும் குணம் உண்டு. விரிந்த குழாய் வழியே ஓடும் இரத்தம் அந்த மருந்தையே அடித்துக்கொண்டு போய்விடும். கலப்பில்லாத லிக்னோகெய்ன் போட்டால் பல்லின் உள் நரம்பு ஐந்து பத்து நிமிடம் மரத்திருந்தாலே அதிகம். வேர் சிகிச்சைக்கு அது எப்படிப் போதும்? அட்ரினலின் ஈறில் உள்ள குழாய்களைச் சுருக்கி, மருந்தைப் போட்ட இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. இரத்தமும் குறைவாக வரும், மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகவே உடம்பில் சேரும். ஹைன்ரிச் பிரவுன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டு சொன்ன உத்தி இது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் மாறவில்லை.

அட்ரினலின் எத்தனை கலந்திருக்கிறது என்பது மருந்துக் குப்பியில் அச்சிட்டிருக்கும். நம் பக்கத்தில் அதிகம் புழங்குவது 1:80,000. அதாவது 80,000 மில்லி திரவத்தில் ஒரு கிராம். ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம். 1:2,00,000 என்ற மெலிந்த கலவையும் உண்டு, அதில் ஒரு மில்லிக்கு 5 மைக்ரோகிராம்தான். இருதய நோயாளிக்கு ஒரு முறைக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம், நலமாக உள்ளவருக்கு 200 வரை போகலாம் என்று பல் மருத்துவப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. கணக்குப் போட்டால், முதல் வகையில் மூன்று மில்லிக்குச் சற்று மேல், இரண்டாம் வகையில் எட்டு மில்லி. ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லை மரக்கடிக்க இரண்டு மில்லி அளவு போதும். எனவே ஒரே ஒரு பல் என்றால் பெரும்பாலான இருதய நோயாளிகளுக்கு இதில் இடம் இருக்கிறது. "வந்ததே வந்தோம், ஒரே நாளில் நாலு பல்லையும் எடுத்துவிடுங்கள்" என்று கேட்கும்போதுதான் கணக்கு இடிக்கும். இரண்டு முறை பஸ் ஏறி வரும் செலவும் சிரமமும் நமக்குத் தெரியும். இருந்தாலும் இருதயக்காரர்கள் அப்படிக் கேட்காதீர்கள்.

இனி அந்தச் சகோதரிக்கு என்ன நடந்தது என்பதற்கு வருவோம். அட்ரினலின் இரத்தத்தில் கலந்தால் உடம்பில் அதற்கு இரண்டு விதமான கதவுகள் திறக்கும். ஒரு வகைக் கதவு குழாய்களைச் சுருக்கும், பிரஷர் ஏறும். இன்னொரு வகை, இருதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், தசைகளில் ஓடும் குழாய்களை விரிக்கும். விரிவதால் பிரஷர் இறங்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால், சாதாரண ஆளுக்குப் பல் ஊசியில் நெஞ்சு கொஞ்சம் படபடத்து அடங்கிவிடும்.

புரோப்ரனலால் அந்த இரண்டாம் வகைக் கதவுகளை எல்லாம் பூட்டி வைக்கிற மருந்து. இருதயத்தில் உள்ளதையும் பூட்டும், தசைக் குழாய்களில் உள்ளதையும் பூட்டும். அப்போது ஊசி வழியே வந்த அட்ரினலினுக்குத் திறந்திருப்பது சுருக்குகிற கதவு மட்டும்தான். குழாய்கள் சுருங்குகின்றன, விரிப்பதற்கு எதுவும் இல்லை, பிரஷர் மளமளவென்று ஏறுகிறது. ஏறிய பிரஷரைக் கண்டு உடம்பு இருதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது, நாடி இறங்குகிறது. பிரஷர் ஏற, நாடி இறங்க, தலை வெடிப்பது போல வலிக்க, இதுதான் அந்தச் சேர்க்கையின் அடையாளம். அட்ரினலின் வெகுநேரம் நிற்காது என்பதால் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே மூளை இரத்தக் குழாயோ இருதயமோ பலவீனமான ஒருவருக்கு அந்தச் சில நிமிடங்களே போதும். போதாததற்கு, புரோப்ரனலால் கல்லீரலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் லிக்னோகெய்னும் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும்.

இதைக் கேட்டு, பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் மாத்திரை சாப்பிடும் எல்லோரும் பதற வேண்டியதில்லை. அட்டெனலால், மெட்டோபுரலால், பைசோபுரலால் என்று இன்று பரவலாகத் தருபவை இருதயத்தில் உள்ள கதவைத்தான் பெரும்பாலும் பூட்டும். தசைக் குழாய்களை அவ்வளவாகத் தொடாது. இவற்றில் மேலே சொன்ன ஆபத்து மிகக் குறைவு. பெயரெல்லாம் "லால்" என்றே முடிவதால் நமக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. மருத்துவருக்கு அப்படி இல்லை. அதனால்தான் "பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த மாத்திரை என்று சொல்ல வேண்டும். புரோப்ரனலால் என்று தெரிந்தால் பல் மருத்துவருக்கு வழி இருக்கிறது. அட்ரினலின் இல்லாத மருந்தைப் போடலாம், அல்லது மிகக் குறைந்த அளவு போட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, பிரஷரைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். அந்தச் சகோதரிக்கு இரண்டு வாரம் கழித்து அட்ரினலின் இல்லாத மருந்தில் அதே பல்லை எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

தெரிந்த பிறகு சிலர் செய்யும் காரியம் இதைவிட ஆபத்தானது. பல்லுக்குப் போவதற்காக அந்த மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போவது. இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த இருதயம் துள்ளி எழும். நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு மாரடைப்பே வரலாம். ஊசியை மாற்றலாம், மாத்திரையை மாற்றக் கூடாது.

வேறு சில மாத்திரைகளையும் பெயரளவிலாவது சொல்லிவிடுகிறோம். டிஜாக்சின் சாப்பிடுபவர்களுக்கு அட்ரினலின் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடும். அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்கு லிக்னோகெய்ன் உடம்பில் அதிக நேரம் தங்கும். லிக்னோகெய்னே தாறுமாறான துடிப்பை அடக்குவதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த நாளத்தில் ஏற்றப்படும் மருந்து என்பது நம்மில் பலருக்குத் தெரியாது, நமக்கும் அண்மையில்தான் தெரிந்தது. பல்லுக்குப் போடும் மருந்து இருதயத்தைத் தொடாது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதற்காக, "இருதய நோயாளிக்கு அட்ரினலினே கூடாது, மரக்கடிக்காமலே பிடுங்கிவிடலாம்" என்று சிலர் சொல்வதும் சரியில்லை. வலி வந்தால் உடம்பு தன் சொந்த அட்ரினலினைச் சுரக்கும். பயந்து நடுங்கி, வலியில் துடிக்கும் ஒருவரின் உடம்பில் சுரப்பது சும்மா இருக்கும்போது சுரப்பதைப் போலப் பன்மடங்கு. நன்றாக மரத்துப்போன பல்லைப் பிடுங்குவதுதான் இருதயத்துக்கும் நல்லது. கைதேர்ந்த மருத்துவர் ஊசியைக் குத்தியதும் உடனே மருந்தைச் செலுத்த மாட்டார். பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் ஊசி முனை இரத்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள். இடத்தை மாற்றிக் குத்துவார். பிறகு நிமிடத்துக்கு ஒரு மில்லி என்ற அளவில் மெதுவாகச் செலுத்துவார். ஊசி போட அவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்காகத்தான் அந்த நிதானம்.

இன்னொரு விஷயம். "எனக்குப் பல் ஊசி அலர்ஜி, போன தடவை நெஞ்சு அடிச்சுது" என்று சொல்பவர்கள் நம் மஹல்லாவிலேயே பலர். லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. அன்று நெஞ்சு அடித்தது அட்ரினலினாலோ பயத்தாலோ இருக்கலாம், ஏதோ ஒரு மாத்திரையோடு சேர்ந்ததாலும் இருக்கலாம். அலர்ஜி என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், என்ன நடந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்று விவரமாகச் சொன்னால் மருத்துவர் பிரித்தறிந்துவிடுவார்.

ஊசியைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, ஊசியைவிட அதிகம் பேரைப் பாதிக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிட்டு வந்தார். பல் ஆடுகிறது, பிடுங்க வேண்டும். "இரத்தம் நிக்காது மாமா, அஞ்சு நாளைக்கு அந்த ரெண்டு மாத்திரையையும் நிறுத்துங்க, எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார் உறவுக்காரர் ஒருவர். பெரியவர் நிறுத்தினார். பல் மருத்துவரிடமும் கேட்கவில்லை, இருதய மருத்துவரிடமும் கேட்கவில்லை. நான்காம் நாள் இரவு, இஷா தொழுதுவிட்டு வந்து படுத்தவருக்கு நெஞ்சு வலித்தது. ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. மறுபடியும் ஆஞ்சியோ, மறுபடியும் ஐ.சி.யூ. உயிர் பிழைத்தார். ஆனால் இருதயம் முன்போல் இல்லை. மாடியில் இருந்த வீட்டைக் காலி செய்து கீழ்வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த உறவுக்காரரைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படி நிறுத்தச் சொன்னதுண்டு. இப்போது அந்த முறை மாறிவிட்டது. 2007ல் அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் வேறு சில மருத்துவச் சங்கங்களும் சேர்ந்து, ஸ்டென்ட் வைத்தவர்கள் இந்த இரட்டை மாத்திரையைப் பல் வேலைக்காக இடையில் நிறுத்தக் கூடாது, தள்ளிப் போடக்கூடிய வேலையைத் தள்ளிப் போடலாம் என்று அறிக்கை வெளியிட்டன. பல் பிடுங்கிய இடத்தில் வரும் இரத்தத்தை அழுத்திப் பிடித்து, தையல் போட்டு, பஞ்சு வைத்து நிறுத்திவிடலாம். சற்று நேரம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். வாய்க்குள் வரும் இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. இருதயத்துக்குள் உறையும் இரத்தம் அப்படியில்லை. இன்னொன்றும் உண்டு: ஆஸ்பிரினின் வேலை ஏழு முதல் பத்து நாள் வரை இரத்தத்தில் நிற்கும். இரண்டு நாள் நிறுத்துவதால் இரத்தம் வருவது பெரிதாகக் குறைந்துவிடாது.

செயற்கை வால்வு வைத்தவர்களும் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் ஆகியவை வேறு ரகம். இவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. பல் பிடுங்குவதற்கு முந்திய நாளில் பார்த்த எண் கையில் இருக்க வேண்டும். 4க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே ஓரிரு பல்லை எடுக்கலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல்; நம் ஊரில் 3.5க்குள் இருக்கட்டும் என்று எதிர்பார்க்கும் மருத்துவர்களும் உண்டு. ரிவரோக்ஸபன், அபிக்ஸபன், டபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்த எண் பயன்படாது. அன்று காலை மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்பதை மருத்துவரே சொல்வார்.

ஊசி முடிந்து, பல்லும் வந்துவிட்டது. கையில் மருந்துச் சீட்டு. ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் இன்னும் இரண்டு இருக்கின்றன. பல் சீழுக்கு வழக்கமாக எழுதும் மெட்ரோனிடசோல், வார்ஃபரினோடும் அசிட்ரோமோடும் சேர்ந்தால் இரத்தத்தை மிகையாக நீர்க்கச் செய்துவிடும். பிடுங்கிய அன்று நின்ற இரத்தம் நான்காம் நாள் ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் கசியும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லும் அப்படியே. தடவுவதுதானே என்று இலேசாக நினைக்கக் கூடாது. இரண்டாவது, வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன், அசெக்ளோஃபெனாக் எல்லாம் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். உடம்பில் நீர் கோக்க வைத்து, பலவீனமான இருதயத்துக்கு மூச்சுத் திணறலைக் கொண்டு வரும். எனலாபிரில், ராமிபிரில் போன்ற பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகமும் அடிபடும். ஆஸ்பிரினின் பலனையே ஐபுப்ரோஃபன் தடுத்துவிடுகிறது என்பது வேறு. இருதயக்காரர்களுக்குப் பல் வலிக்குப் பெரும்பாலும் பாரசிட்டமால்தான் முதல் தேர்வு. மெடிக்கலில் போய் "பல்வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை இவர்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

தலைகீழான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சிலருக்குப் பல் பிரச்சினையே இருதய மாத்திரையால் வருவது. பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின், நிஃபெடிபின் சிலருக்கு ஈறை வீங்க வைத்துப் பல்லின் மேல் ஏறச் செய்யும். பல் சுத்தமில்லாதவர்களுக்கு இது அதிகம். ஈறு வீங்கிவிட்டது என்று பல் பொடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாத்திரையைச் சொன்னால், பல் மருத்துவர் இருதய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதுவார். வேறு மாத்திரைக்கு மாற்றினால் வீக்கம் பெரும்பாலும் வடியும்.

செயற்கை வால்வு உள்ளவர்களும் முன்பு இருதய உட்சுவரில் கிருமித் தொற்று வந்தவர்களும் பிறவி இருதயக் கோளாறில் சில வகையினரும், ஈறில் இரத்தம் வரக்கூடிய எந்த வேலைக்கு முன்பும் ஒரு வேளை ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், வேலை தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. பல் சுத்தம் செய்வதற்கும் இது பொருந்தும். ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கு இது தேவையில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

நோன்புக் காலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸஹரில் நீர் பிரியும் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சாப்பிட்டுவிட்டு, அஸருக்குப் பின் பல் நாற்காலியில் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்து, சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக் கீழே விழுவார்கள். உடம்பில் நீரும் இல்லை, குழாய்களும் தளர்ந்திருக்கும். தள்ளிப் போடக்கூடிய வேலை என்றால் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வலி பொறுக்க முடியவில்லை என்றால் இஃப்தாருக்குப் பிறகு போகலாம். நோன்போடு ஊசி போடுவது பற்றிய மார்க்கச் சட்டத்தை நம் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நாம் புகவில்லை. மற்ற நாட்களிலும் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுவது நல்லது. நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை உள்ளவர்கள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் சார்பிட்ரேட்டால் பல் மருத்துவமனையில் என்ன பயன்?

மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர்கள், படுத்திருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள், மூச்சு வாங்குபவர்கள் இருதய மருத்துவரின் எழுத்து இல்லாமல் பல் வேலைக்குப் போகவே கூடாது. பிரஷர் 180க்கு 110ஐத் தாண்டியிருந்தால் பல் மருத்துவரே திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காகக் கோபித்துக்கொண்டு, பிரஷர் பார்க்காத இடம் தேடிப் போகிறவர்களும் உண்டு. பிரஷர் பார்க்காத இடம்தான் நாம் போகக் கூடாத இடம்.

மாத்திரையின் பெயர் தெரியவில்லை என்பதுதான் நம் மக்களின் பெரிய குறை. "மஞ்சள் கலர், சின்னது" என்பார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, நல்ல காரியம். ஆனால் வாங்கி வைக்கும்போது அட்டையைக் கத்தரித்துப் பெயர் இருந்த பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். பெயர் அச்சான துண்டைக் கடைசி மாத்திரை வரை வைத்திருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவில் பூட்டாமல், ஒரு நகல் எடுத்துப் பல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். சொன்னால் பல் பிடுங்க மாட்டார்களோ என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் பிடுங்கத்தான் செய்வார்கள், வேறு ஊசியில், வேறு நாளில். தலைவலி, தைராய்டு, நடுக்கம், மன அமைதி, மூத்திரக் கோளாறு என்று எதற்காகச் சாப்பிட்டாலும் எல்லா மாத்திரையையும் காட்டுங்கள். எது சம்பந்தம், எது சம்பந்தமில்லை என்று முடிவு செய்வது நம் வேலையல்ல.

நமது படிவத்தை மாற்றிவிட்டோம். ஆறாவது கேள்வி இப்போது "தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் (எந்த நோய்க்கானாலும்)" என்று இருக்கிறது, எழுத எட்டு வரி விட்டிருக்கிறோம். பழைய படிவத்தில் முந்நூறு மிச்சம். பின்பக்கத்தை அலுவலகக் கணக்கு எழுதப் பயன்படுத்துகிறோம். மாத்திரைப் பெயர்களைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் லுஹர் வரை நம் அலுவலகத்தில் மருந்தியல் படிக்கும் இரண்டு பிள்ளைகள் உட்காருகிறார்கள். கட்டணம் இல்லை; எந்தச் சமுதாயத்தவரும் வரலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்காகப் பிள்ளைகளோ பேரர்களோ வந்தால் போதும். மாத்திரைப் பையை அப்படியே கொண்டு வாருங்கள், பிரித்து எடுத்து வர வேண்டாம்.